ஆனைக்கொம்பன் ஈயும் அதன் புழுவுக்குள் வளரும் குளவியும்

சம்பாப் பயிர் தூர் கட்டி வரும் நாட்களில், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்து வானம் மூடியே கிடக்குமானால், நாகூர், நாகப்பட்டினம், கீழ்வேளூர்ப் பக்கத்து வயல்களில் சில ஆண்டுகளில் ஒரு மாற்றம் தென்படும். பச்சைப் பயிருக்கு நடுவே வெளிறிய குழல் ஒன்று வெங்காயத்தாளைப் போல நீட்டிக்கொண்டு நிற்கும். முதலில் ஒன்றிரண்டு, பத்து நாளில் குத்துக்குக் குத்து. "ஆனைக்கொம்பன் விழுந்துவிட்டது" என்று வரப்பில் பேச்சு எழும். மறுநாள் காலையிலேயே மருந்துக் கடைக்கு ஆள் புறப்பட்டுவிடும்.

கொம்பைக் கண்ட பிறகும், கடைக்குப் புறப்படுவதற்கு முன்பும், பத்துக் கொம்புகளைப் பிடுங்கிப் பிளந்து பார்க்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். கொம்புக்குள் ஈ இருக்கலாம். ஈயைத் தின்று வளரும் குளவியும் இருக்கலாம். எது இருக்கிறது என்று அறியாமல் அடிக்கும் மருந்து பல சமயங்களில் ஈயைத் தொடாமல் குளவியை மட்டும் கொன்றுவிடுகிறது.

கொம்பு உண்டாகும் விதம்

ஆனைக்கொம்பன் ஈ பார்வைக்குக் கொசுவைப் போன்றது. பெண் ஈயின் வயிறு சிவந்திருக்கும். பகலில் பயிரின் அடியில் ஒண்டிக் கிடந்து இரவில் பறக்கும். விளக்கு வெளிச்சத்துக்கு வரும். உட்-மேசன் என்ற பூச்சியியல் அறிஞர் 1889-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். ஆகவே இது புதிதாக வந்த பூச்சி அன்று.

சில நாட்களே வாழும் பெண் ஈ, அதற்குள் நூறு முதல் இருநூறு முட்டைகள் வரை இடும். இலையின் அடிப்பக்கத்திலும் தாளோடு இலை சேருமிடத்திலும் தனித்தனியாகவோ சிறு கூட்டமாகவோ அவற்றைக் காணலாம். மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். வெளிவரும் புழு இலை உறைக்கும் தண்டுக்கும் இடையில் நுழைந்து, தூரின் அடியில் உள்ள வளர்முனையை நோக்கி ஊர்ந்து இறங்கும். இந்தப் பயணத்துக்கு இலையில் ஈரம் இருந்தாக வேண்டும். பனியோ தூறலோ இல்லாத வறண்ட நாட்களில் பெரும்பாலான புழுக்கள் வழியிலேயே காய்ந்து மடிகின்றன. மூடிய வானமும் தூறலுமாக இருக்கும் ஆண்டுகளில் இப்பூச்சி மிகுவதற்குக் காரணம் இதுவே.

வளர்முனையை அடைந்த புழு அங்கேயே தங்கி அதனை உறிஞ்சுகிறது. அதன் உமிழ்நீரில் உள்ள பொருள் பயிரின் வளர்ச்சியைத் திசை திருப்பிவிடுகிறது. இலையாகவும் பின்னர் கதிராகவும் வர வேண்டிய முனை அழிந்து, இலை உறை புழுவைச் சுற்றி மூடிய குழலாக வளர்கிறது. பயிர் தன் செலவிலேயே பகைவனுக்கு வீடு கட்டித் தருகிறது என்று சொல்லலாம். பதினைந்து இருபது நாள் அந்த வீட்டில் தின்று வளர்ந்து, புழு கூட்டுப்புழுவாக மாறும் சமயத்தில்தான் குழல் விரைந்து நீண்டு வெளியே தெரிகிறது. கூட்டுப்புழு தன் உடலிலுள்ள முட்களால் குழலுக்குள் மேலேறி, நுனியில் ஓட்டை போட்டு ஈயாக வெளியேறும். அதன் சட்டை ஓட்டையில் செருகிக்கொண்டு நிற்கும்; கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

இதில் உழவர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கொம்பு உங்கள் கண்ணில் படும்போது ஏறக்குறைய மூன்று வாரக் கதை முடிந்துபோயிருக்கிறது. அந்தத் தூரில் இனிக் கதிர் வராது. எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது. கொம்புக்குள் இருக்கும் கூட்டுப்புழுவை மேலே தெளிக்கும் மருந்து எட்டுவதும் அரிது. எனவே கொம்பைக் கண்டு மருந்து அடிப்பவர், உண்மையில் அடுத்த தலைமுறை ஈயைத் தடுப்பதற்காகவே அடிக்கிறார். அந்த அடுத்த தலைமுறையைத் தடுக்க வயலில் வேறு யாராவது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறார்களா என்று பார்ப்பதுதானே முறை?

மாசிக்காயும் ஒரு கொம்புதான்

செடியைத் தனக்கு வீடு கட்டவைக்கும் பூச்சி ஆனைக்கொம்பன் மட்டும் அன்று. பச்சைக் குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும் வீடுகளில் மாசிக்காய் இருக்கும். பெயர்தான் காய். அது எந்த மரத்திலும் பூத்துக் காய்த்தது அல்ல. துருக்கி, சிரியா, ஈரான் முதலிய நாடுகளில் வளரும் ஓக் மரத்தின் கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிட, அந்த இடம் உருண்டு திரண்டு உண்டான வீக்கமே மாசிக்காய். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது சிலவற்றில் ஊசி நுழையுமளவு துளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளிருந்த பூச்சி வெளியேறிய வாசல் அது. துளையில்லாத காய்க்குத் துவர்ப்பும் விலையும் அதிகம்.

ஆனால் துளை வழியே வெளியேறியது வீடு கட்டிய குளவிதான் என்று உறுதி கூற முடியாது. ஓக் மரத்தில் வீக்கம் உண்டாக்கும் குளவிகளைத் தாக்கவென்றே வேறு குளவி இனங்கள் பல உள்ளன. அவை நீண்ட ஊசி போன்ற உறுப்பை வீக்கத்தின் சுவரில் செலுத்தி, உள்ளே இருக்கும் புழுவின்மீது முட்டையிடுகின்றன. கட்டியவன் ஒருவன், குடியிருந்து வெளியேறுபவன் மற்றொருவன். நம் நெல் வயலிலும் இதே கூத்துத்தான் நடக்கிறது. இடம் தண்ணீருக்கருகில் என்பதால் நாம் குனிந்து பார்ப்பதில்லை.

ஈயின் எமன்

ஆனைக்கொம்பனைத் தாக்கும் ஒட்டுண்ணிகளில் முதன்மையானது பிளாட்டிகேஸ்டர் ஒரைசே என்னும் குளவி. குளவி என்றதும் கொட்டும் குளவியை நினைக்க வேண்டாம். இது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள, கரிய, தூசு போன்ற பூச்சி. மனிதரை ஒன்றும் செய்யாது. உங்கள் கையில் நூறு குளவி ஊர்ந்தாலும் கரித்தூள் பட்டதாகவே எண்ணித் துடைத்துவிடுவீர்கள்.

இதன் வாழ்க்கை வியப்புக்குரியது. பெண் குளவி இலைமீது நடந்து ஆனைக்கொம்பனின் முட்டையைத் தேடி, அந்த முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடுகிறது. ஈயின் முட்டை வழக்கம்போல் பொரிகிறது. புழு வழக்கம்போல் ஊர்ந்து வளர்முனைக்குப் போகிறது, தின்கிறது, கொம்பு கட்டுகிறது. ஆனால் அதன் உடலுக்குள் குளவியின் ஒரு முட்டை பலவாகப் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கிறது. ஒரு முட்டையிலிருந்து பல உயிர்கள் தோன்றும் இவ்வகைப் பெருக்கம் பூச்சிகளில் அரிது. ஆனைக்கொம்பன் புழு முழு வளர்ச்சி அடையும்போது அதன் உடலில் சொந்தமாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. தோல் மட்டும் பையாக நிற்க, உள்ளே இருபது முப்பது குளவிக் கூட்டுப்புழுக்கள் மணி கோத்தாற்போல் அடைந்திருக்கும். பின்னர் அத்தனையும் குளவிகளாக வெளிவரும். நுனியில் சட்டை செருகி நிற்காது. ஏனெனில் ஈயே உருவாகவில்லை.

வேறு சில ஒட்டுண்ணிகளும் உண்டு. புரோபிக்ரோசைட்டஸ், நியனஸ்டேட்டஸ் என்னும் குளவிகள் கொம்புக்குள் வளர்ந்த நிலையில் உள்ள புழுவையோ கூட்டுப்புழுவையோ தாக்குபவை. இவற்றில் ஒரு கொம்புக்கு ஒரு குளவிதான் வெளிவரும். பயன் உண்டு, பிளாட்டிகேஸ்டர் அளவுக்கு இல்லை.

குளவியால் முடிவதும் முடியாததும்

ஒட்டுண்ணிகளைப் பற்றி எழுதுவோர் சிலர், குளவியை விட்டால் போதும், பயிர் தப்பிவிடும் என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. மேலே சொன்னதை மீண்டும் எண்ணிப் பாருங்கள். குளவி தாக்கிய புழுவும் கொம்பு கட்டுகிறது. அந்தத் தூரும் போனதுதான். குளவியால் கிடைக்கும் லாபம் இந்தக் கொம்பில் இல்லை. இதிலிருந்து ஈ வெளியேறாமல் போனதால் அடுத்த மூன்று வாரத்தில் தோன்றாத கொம்புகளில் இருக்கிறது.

பேச்சுக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். உங்கள் வயலில் நூறு கொம்புகள். எல்லாவற்றிலும் ஈயே இருக்கிறதென்றால் பாதி பெண் ஈக்கள், அதாவது ஐம்பது. ஒன்று நூறு முட்டை இட்டால் ஐயாயிரம் முட்டைகள். நூறில் எண்பதில் குளவி இருந்தால் வெளிவரும் பெண் ஈக்கள் பத்து, முட்டைகள் ஆயிரம். அதே நேரத்தில் எண்பது கொம்புகளிலிருந்தும், கொம்புக்கு இருபது என்று வைத்தாலும், ஆயிரத்து அறுநூறு குளவிகள் கிளம்பி அந்த ஆயிரம் முட்டைகளைத் தேடும். இந்த நிலையில் வயலில் மருந்து அடித்தால் இலைமேல் நடமாடும் குளவிகள் அழியும். கொம்புக்குள் இருக்கும் இருபது ஈக்கள் பத்திரமாக இருந்து பிறகு வெளிவரும். காசும் கொடுத்து, காவலையும் கலைத்ததாக ஆகிவிடும்.

குளவியின் குறை யாதெனில், அது பின்னால் வருவது. கோடையில் வயலில் பயிர் இல்லை. ஈயும் மிகக் குறைவு. ஈ இல்லாவிட்டால் குளவிக்கும் பிழைப்பில்லை. பருவம் தொடங்கியதும் முதலில் ஈ பெருகும். அதைத் தொடர்ந்தே குளவி பெருகும். பருவத்தின் இறுதியில் பெரும்பாலான கொம்புகளில் குளவி இருப்பதை நெல் ஆராய்ச்சியாளர்கள் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அப்போது சேதம் முடிந்துபோயிருக்கும். ஆகவே நம் வேலை, பின்னால் வரும் குளவியைச் சற்று முன்னால் வரவழைப்பது.

மேற்கு ஆப்பிரிக்காவில் இதற்கு ஒரு வழி ஆராயப்பட்டுள்ளது. அங்கே நெல்லைத் தாக்கும் ஆனைக்கொம்பன் வேறோர் இனம். அந்நாட்டு வயலோரங்களில் நம் வரகின் இனத்தைச் சேர்ந்த ஒரு புல் தானாக வளர்கிறது. அந்தப் புல்லில் கொம்பு கட்டும் ஈ தனி இனம். அது நெல்லுக்கு வராது. ஆனால் இரண்டு ஈக்களையும் தாக்கும் குளவிகள் ஒன்றே. நெல் இல்லாத மாதங்களில் புல்லில் உள்ள ஈயைத் தின்று குளவி பிழைத்திருக்கிறது. நெல் நட்டதும் வயலுக்குள் வருகிறது. புல் கொம்பைப் பார்த்து நெல்லுக்குத் தீங்கென்று அதை அழித்தால், குளவியின் கோடைக் குடிலையே அழித்ததாகும்.

நம் பகுதியில் இதை அப்படியே பின்பற்றும்படி நான் சொல்லவில்லை. காட்டு நெல், தான்தோன்றி நெல், அறுவடைக்குப் பின் தழைக்கும் மறுதாம்பு ஆகியவற்றில் நெல்லைத் தாக்கும் ஈயே தங்கும். அவற்றை அழிக்கத்தான் வேண்டும். நமக்கு உகந்த வழி வேறு. குளவி உள்ள கொம்புகளையே பிடுங்கி, தேவைப்படும் வயலுக்குக் கொண்டுபோய் விடுவது.

பிளந்து பார்க்கும் முறை

வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, நன்கு நீண்ட, நுனியில் சட்டை செருகாத கொம்புகளாகப் பத்து அல்லது இருபது எடுங்கள். மேல்பாகத்தை மட்டும் கிள்ளி எடுத்தால் பயனில்லை. புழு இருப்பது அடியில். தூரோடு பிடுங்கி, அடிப்பாகத்திலிருந்து மேல்நோக்கி நகத்தாலோ பிளேடாலோ நீளவாக்கில் கீறுங்கள்.

உள்ளே இளஞ்சிவப்பாக ஒரே ஒரு கூட்டுப்புழு இருந்தால் அது ஈ. புழுவின் தோல் உப்பி, உள்ளே சிறுசிறு மணிகள் திணிந்திருந்தால் குளவி. கைலென்ஸ் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். செத்து வதங்கிய ஈக்கூட்டுப்புழுவுக்குப் பக்கத்தில் வேறொரு புழுவோ கூட்டுப்புழுவோ ஒன்று மட்டும் கிடந்தால், அது தனிக் குளவி. அதுவும் நம் பக்கம்தான். இளம் புழுவை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். குளவி உள்ளே இருந்தாலும் இளம் புழு வெளித்தோற்றத்தில் நல்ல புழுவைப் போலவே இருக்கும். அதனால்தான் முதிர்ந்த கொம்பாக எடுக்கச் சொன்னேன்.

கண் பார்வை சரியில்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. வாயகன்ற கண்ணாடிப் பாட்டிலில் ஈர மணல் இரண்டு விரற்கடை போட்டு, இருபது கொம்புகளை அடிப்பாகம் மணலில் இருக்குமாறு நட்டு, வாயை நெருக்கமான வெள்ளைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். ஒரு வாரத்தில் உள்ளிருப்பவை வெளிவந்துவிடும். கொசு போன்றவை எத்தனை, கரிய தூசு போன்றவை எவ்வளவு என்று பாருங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் இந்தப் பாட்டிலை ஒப்படைத்தால் நம்மைவிட ஒழுங்காகப் பார்த்துச் சொல்வார்கள்.

கொம்பை இடம் மாற்றுதல்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இது: நட்ட 10-ஆம் நாளில், 10 சதுர மீட்டருக்கு 1 வீதம், பிளாட்டிகேஸ்டர் தாக்கிய கொம்புகளை வயலில் இட வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 400 கொம்புகள். மாக்கணக்கில் பார்த்தால் 100 குழிக்கு ஏறக்குறைய 130. ஓர் ஏக்கருக்கான கொம்பைச் சேகரிப்பது இரண்டு ஆட்களின் அரை நாள் வேலை என்று மதிப்பிடலாம். கொம்பு அடர்ந்த வயலில் அதற்கும் குறைவு.

தாளடி நடும் உழவர்களுக்கு இது கைகூடும். முன்னதாக நட்ட சம்பா வயலில் கொம்பு முற்றியிருக்கும் நேரமும், தாளடி நடவு வேர்பிடிக்கும் நேரமும் பெரும்பாலும் ஒட்டி வரும். சம்பா வயல்காரர் அண்ணன் தம்பியாகவோ பங்காளியாகவோ இருந்தால் கேட்டுப் பிடுங்கிக்கொள்வதில் சிரமமும் இல்லை. அந்தத் தூர் அவருக்கு எப்படியும் பயன்படாதது. கடைமடையில் பலர் நேரடி விதைப்புச் செய்வதால் 10-ஆம் நாள் என்ற கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. விதைத்த பயிர் தூர் கிளைக்கத் தொடங்கும் சமயத்தில் இடுவது தக்கது என்பது என் கருத்து.

ஓர் எச்சரிக்கை. பிளந்து பார்க்காத வயலிலிருந்து கொம்பு கொண்டுவரக் கூடாது. குளவி என்று நினைத்து ஈயை இறக்குமதி செய்துவிடுவோம். பத்துக்கு எட்டு கொம்பிலாவது குளவி இருந்தால் மட்டும் எடுங்கள். நுனியில் சட்டை செருகியவை காலி வீடுகள். அவற்றைச் சுமக்க வேண்டாம். பிடுங்கிய கொம்பை வெயிலில் போட்டு வாட்டாமல் ஈரச் சாக்கில் சுற்றி அன்றைக்கே கொண்டுபோய், தண்ணீரில் அமிழாதபடி பயிர்க் குத்துகளுக்கிடையே செருகுங்கள்.

இட்ட நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்காவது அந்த வயலில் பரவலாகக் கொல்லும் மருந்து அடிக்காதிருப்பது முக்கியம். இலைச்சுருட்டுப் புழு கொஞ்சம் தெரிகிறதே என்று அவசரப்பட்டு அடித்தால் முன்பு செய்த வேலை வீணாகும்.

பொறுமைக்கு வேற்று நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று சொல்லலாம். செஸ்ட்நட் என்னும் கொட்டை மரத்தின் மொட்டுகளில் வீக்கம் உண்டாக்கிக் காய்ப்பைக் கெடுக்கும் குளவி ஒன்று 2002-இல் இத்தாலியில் காணப்பட்டது. ஜப்பானில் இதே தொல்லைக்காகச் சீனாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து 1982-இல் விட்டிருந்தார்கள். அந்தக் குளவியை 2005 முதல் இத்தாலியிலும் விட்டார்கள். பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆயின, ஆனால் தெரிந்தது. நமது கல்யாண முருங்கை இலையில் முடிச்சு முடிச்சாக வீக்கம் உண்டாக்கும் குளவி 2005-இல் ஹவாய்த் தீவுகளில் புகுந்து மரங்களைப் பட்டுப்போகச் செய்தபோதும், 2008-இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணியைத்தான் விட்டார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. நமது குளவி ஏற்கெனவே நம் வயலில் இருக்கிறது.

மருந்து எப்போது?

தூர் கட்டும் பருவத்தில் நூற்றுக்குப் பத்துத் தூர்கள் கொம்பானால் பொருளாதாரச் சேத நிலை எட்டியதாகக் கொள்ளப்படுகிறது. இருபது குத்துகளில் முந்நூறு தூர்கள் இருந்து, அவற்றில் முப்பது கொம்பாக இருந்தால் அந்த நிலை. இந்த அளவுக்குக் கீழே இருந்தால் மருந்து வேண்டியதில்லை. இளம் பயிர் பக்கத்தில் புதுத் தூர் வெடித்து ஓரளவு ஈடுகட்டும். இந்த அளவு எட்டியும் பிளந்து பார்த்ததில் பெரும்பாலும் ஈயாக இருந்தால், உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் தற்போதைய பரிந்துரையைக் கேட்டு அதன்படி செய்யுங்கள். பழைய கையேட்டைப் பார்த்து வாங்க வேண்டாம். பல கையேடுகளில் காணப்படும் போரேட் குருணை 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டதாகும்.

கதிர்க்கரு உருவான பிறகு ஆனைக்கொம்பனால் புதிதாகக் கொம்பு கட்ட முடியாது. அதன்பின் அடிக்கும் மருந்து அதற்குப் பயன்படாது. சி.ஆர். 1009 போன்ற நீண்ட காலப் பயிரில் தூர் கட்டும் நாட்கள் அதிகம். ஆகையால் கண்காணிப்பும் அதிக நாள் தேவை.

மற்றவை நீங்கள் அறிந்தவையே. ஊர் முழுதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடுவது நல்லது. பிந்தி நட்ட ஒற்றை வயலில் சுற்றுப்புற ஈ எல்லாம் வந்து இறங்கும். தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுங்கள். எதிர்ப்புத் திறன் உள்ள இரகங்களும் உண்டு. மதுரையில் உருவான எம்.டி.யூ. 3 அவற்றில் ஒன்று. ஆனால் இந்தியாவில் ஆனைக்கொம்பன் ஈயில் ஏழு உயிர்வகைகள் இருப்பதாகக் கண்டறியப்பட்டுள்ளது. ஓரிடத்தில் தாங்கி நிற்கும் இரகம் வேறோரிடத்தில் தாங்காமல் போகலாம். இரகத்தைத் தேர்ந்தெடுக்குமுன் சிக்கல் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

நடவு முடிந்ததும் வரப்போரம் ஒரு விளக்குப் பொறி வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர்த் தட்டு போதும். சிவந்த வயிறுள்ள கொசு போன்ற ஈக்கள் தட்டில் விழத் தொடங்கிய தேதியைக் குறித்துக்கொண்டால், அதிலிருந்து ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் கொம்பை எதிர்பார்த்து, பிளேடும் பாட்டிலும் தயாராக வைத்திருக்கலாம்.